உறைக்கு வெளியே ரத்தம்

ஸ்கூல் வேன் ஓட்டும் அந்த அம்மாளை, அவள் வண்டியில் போய்வரும் பிள்ளைகளும் பெற்றவர்களும் வேன்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அன்று காலை ஒரு பிள்ளையின் புத்தகப்பை வண்டியின் கூரைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துக் கொடுக்கப் பின்படியில் ஏறினாள். கால் வழுக்கியது. முதுகுப்பக்க விலா நேராக இரும்புப் படியின் விளிம்பில் இடிக்கும்படி விழுந்தாள். உள்ளே இருந்த பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டன.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அவங்கவங்க எடத்துல உக்காருங்க" என்று எழுந்தாள். இடது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டே மீதிப் பிள்ளைகளையும் ஏற்றி, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டாள். கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, அதே வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்து, அவசரப் பிரிவின் வாசலை அடைத்தாற்போல நிறுத்தினாள்.

காவலாளி ஓடிவந்தான். "இங்க ஆம்புலன்ஸ் மட்டும்தாம்மா நிக்கணும். வண்டிய எடுங்க."

"இப்போதைக்கு இதுதாம்பா ஆம்புலன்ஸ்" என்று சாவியை அவன் கையில் திணித்தாள். பிறகு சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். மறுபடி எழ முடியவில்லை.

அன்று டியூட்டியில் இருந்த சர்ஜன் கெட்டிக்காரர்; பொறுமைதான் கொஞ்சம் கம்மி. எக்ஸ்ரேயில் நெஞ்சின் இடது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. விலா முறிந்து நெஞ்சுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று முடிவுசெய்து, பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விலாக்களுக்கு நடுவே ஒரு டியூபைச் செருகினார். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் இருந்தது. இப்படி வருபவர்களுக்கு டியூப் போட்ட கையோடு ரத்தம் கொட்டிப் பாட்டில் பாதி நிறைந்துவிடும். இங்கே இரண்டு கரண்டி அளவு இளஞ்சிவப்பாக வந்து, நின்றுவிட்டது. டியூபை நீவிப் பார்த்தார். அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தார். பாட்டிலில் மட்டம் ஏறவில்லை. அவள் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

அதற்குள் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி இன்னும் நெற்றியிலேயே இருந்தது, கழற்ற மறந்திருந்தார்.

"சார், இவளுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க தினம் மாத்திரை போடுறா. சொன்னாளா?"

சொல்லவில்லை. வேறு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டியிருந்தாள்.

"ஏம்மா மறைச்சீங்க?" என்றார் சர்ஜன்.

"மறைக்கலங்க. வியாதி இருக்கான்னுதான கேட்டீங்க? அதுதான் சரியாயிடுச்சே" என்றாள் வேன்காரம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டார். மாத்திரையின் வேகத்தை முறிக்கும் மருந்துக்கும் ரத்தத்துக்கும் சொல்லிவிட்டு, "சி.டி.க்குத் தூக்கிட்டுப் போங்க, ஓடுங்க" என்றார்.

அவசரப் பிரிவு நடைபாதையின் ஒரு கோடி என்றால் சி.டி. அறை மறு கோடி. அங்கே இருந்தது ஸ்கேன் டாக்டர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் டாக்டர்தான். சர்ஜனுக்கு மட்டும் அக்கா, கூடப் பிறந்தவள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள்: உள்ளே நுழைந்தால் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை, இரண்டு பேரும் டாக்டர். ஒப்பந்தம் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. அன்று காலையில்தான் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. அப்பா தம்பி வீட்டில் இருந்தார். அப்பாவை நீ நடக்கவே விடுவதில்லை, சோபாவிலேயே உட்கார்த்திவைத்து முட்டியைக் கெடுக்கிறாய் என்று அக்கா போனில் சொல்ல, அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே கூட்டிக்கொண்டு போ என்று தம்பி சொல்ல, யார் முதலில் போனை வைத்தது என்பதில்கூட ஒத்துப்போகாமல் பேச்சு முடிந்திருந்தது.

அந்தக் கோபம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் இன்னும் மிச்சமிருந்தது. வேன்காரம்மாவை மேடையில் கிடத்தியதும் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த அம்மாளின் உதட்டில் நிறமே இல்லை. டெக்னீஷியன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கச் சொன்னான். இடது கை பாதிவரைதான் வந்தது.

"போதும், விடு. அப்படியே எடு" என்றாள் ஸ்கேன் டாக்டர். உள்ளே போய்க் குனிந்து, "அம்மா, கையில ஒரு மருந்து ஏறும். உடம்பெல்லாம் திகுதிகுன்னு இருக்கும். பயப்படாதீங்க" என்றாள்.

"எஞ்சின் பக்கத்துல உக்காந்தே பழக்கம்" என்றாள் வேன்காரம்மா, கண்ணைத் திறக்காமல்.

மேடை வளையத்துக்குள் நகர்ந்தது. இயந்திரத்தின் குரல் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது. அவளால் பிடிக்க முடியவில்லை. இருந்தாலும் படம் வந்தது. டெக்னீஷியன் அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே, "பி.பி. இறங்குது மேடம்" என்றான். ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள்.

ஸ்கேன் டாக்டர் படங்களை மேலிருந்து கீழாக உருட்டினாள். ஒன்பதாம் விலாவும் பத்தாம் விலாவும் பின்பக்கம் முறிந்திருந்தன. அதற்கு உட்புறம் பெரிய வெள்ளைத் திட்டு: ரத்தம். பார்த்த மாத்திரத்தில் யாரும் நெஞ்சுக்குள் ரத்தம் என்றுதான் சொல்வார்கள். அவள் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்தது. ஆனால் டியூபின் நுனியைத் தேடியபோது ஏதோ உறுத்தியது. டியூப் சரியான இடத்தில்தான் இருந்தது. நுரையீரல் உறைக்குள் நன்றாகப் போயிருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் நீர், அவ்வளவுதான். பெரிய வெள்ளைத் திட்டு அதன் பக்கத்திலேயே மலைபோல உட்கார்ந்திருக்கிறது, ஒரு சொட்டுக்கூட டியூபுக்குள் வரவில்லை. எப்படி?

நெஞ்சுக்கூட்டைப் போட்டுக்கொள்ளும் ஒரு கோட்டு என்று வைத்துக்கொண்டால், விலா எலும்புகள் வெளித்துணி; நுரையீரல் உறை உள்ளே தைத்த லைனிங். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கொழுப்பு ஒரு பூச்சாக இருக்கும். சி.டி.யில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சாதாரணமாக அது இருப்பதுகூடத் தெரியாத அளவுக்கு மெலிதாக, விலாவோடு விலாவாக ஒட்டிக்கிடக்கும். ரத்தம் உறைக்குள் தேங்கினால் அந்தக் கொழுப்பு தன் இடத்திலேயே, ரத்தத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாள். மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது விலாப் பக்கம் இல்லை. ரத்தத்துக்கு உட்புறம், நுரையீரலைப் பார்த்து, வில்லாக வளைந்து நின்றது. வெள்ளைத் திட்டின் வடிவமும் சரியில்லை. தேங்கிய ரத்தம் தண்ணீரைப்போலக் கீழே படியும். இது உள்நோக்கி உப்பியிருந்தது.

ரத்தம் கொழுப்பையே நெட்டித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் அது உறைக்குள் இல்லை. விலாவுக்கும் உறைக்கும் நடுவே இருக்கிறது. கோட்டுப் பையில் போட்ட காசு கிழிசல் வழியாக லைனிங்குக்குள் விழுந்துவிட்டால், பைக்குள் எவ்வளவு துழாவினாலும் கையில் படாது. தம்பியின் டியூப் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

அவள் கடைசி வரிசைப் படங்களுக்குப் போனாள். ஒன்பதாம் விலாவின் கீழ் விளிம்பில் பளிச்சென்று ஒரு புள்ளி. சற்றுப் பிந்தி எடுத்த படத்தில் அதே புள்ளி பெருத்து, ஓரம் கலைந்து கிடந்தது. விலாவை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது. ஏற்றிய மருந்து அதன் வழியாக வெளியே கசிகிறது. இந்த நிமிடமும் கசிந்துகொண்டிருக்கும். இதுவரை அந்த அம்மாளைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்த உறைதான். அது விம்மி நின்று ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது.

டியூபில் ஒன்றும் வரவில்லை என்றால் சர்ஜன்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் தடிமனான டியூபை எடுத்து, இன்னும் கீழே, ரத்தம் அதிகமாகத் தெரியும் இடத்திலேயே குத்துவார்கள். அங்கே குத்தினால் அழுத்திப் பிடித்திருக்கும் உறை ஓட்டையாகும். அப்புறம் கையால் அணை கட்ட முடியாது.

தம்பியின் செல்போனுக்கு அடித்தாள். இரண்டு மணி அடித்துக் கட் ஆனது. மறுபடி அடித்தாள். இந்த முறை முதல் மணியிலேயே கட் ஆனது. அவசரப் பிரிவின் மேஜை போனை யாரும் எடுக்கவில்லை.

அவள் எழுந்து ஓடினாள். நடைபாதையில் பாதி தூரத்துக்குத் தரை துடைத்து ஈரமாக இருந்தது. துடைப்பவள், "மேடம், வழுக்கும்!" என்று கத்தினாள். அவள் ஒரு கையால் சுவரைத் தடவியபடியே ஓடினாள். அவசரப் பிரிவின் வாசலில் கடிகாரக்காரர் நின்றிருந்தார். ஓடிவரும் டாக்டரைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, "ஐயோ" என்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

திரைக்கு உள்ளே வேன்காரம்மாவை உட்காரவைத்து, ஒரு தலையணைமேல் கவிழ்த்து நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகின் இடது பக்கம் மஞ்சள் மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தியிருந்தது. தம்பியின் கையில் கத்தி.

"டாக்டர், நிறுத்துங்க. அதைக் கீழ வைங்க."

"பேசுறதுக்கு நேரமில்ல டாக்டர். பி.பி. எண்பதுக்கு வந்தாச்சு. ரத்தத்த வெளிய எடுக்கணும்."

"எடுக்க முடியாது. அது நெஞ்சுக்குள்ள இல்ல."

"படத்த நானும் பார்த்தேன். இடது பக்கம் முழுக்க ரத்தம்."

"ரத்தந்தான். எங்க இருக்குன்னு பார்த்தியா?"

"அக்கா, வெளிய போ!" என்று கத்தினான். ஒப்பந்தம் உடைந்தது அவனுக்கே தெரியவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். குரலைத் தாழ்த்தி, "நான் சொல்ற எதையும் நீ நம்ப வேண்டாம். இந்த ஒரு படத்த மட்டும் பாரு. கொழுப்பு ரத்தத்துக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள்.

அவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எரிச்சலோடு திரும்பினான். பார்த்தான். "கிட்ட காட்டு" என்றான். அவள் பெரிதாக்கினாள். அடுத்த படம். அதற்கடுத்த படம். கறுப்புக் கோடு ஒவ்வொன்றிலும் உள்ளே தள்ளியே நின்றது. அவன் கண்கள் அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பின. பிறகு டியூபின் நுனியைத் தேடிப் பிடித்தான்.

"உறைக்கு வெளிய..." என்றான்.

"ஆமா. விலாவ ஒட்டி குழாய் அறுந்திருக்கு. இதோ, கசியுது. நீ குத்தப் போற எடம் எது தெரியுதா?"

அவனுக்குத் தெரிந்தது. தட்டில் கத்தியை வைத்தான், சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் முதுகில் தான் பேனாவால் போட்டிருந்த குறியையே சில நொடிகள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், படுக்க வைங்க. மெதுவா" என்றான். அக்காவிடம், "அப்ப நெஞ்சத் திறந்து கட்டிடுறேன். தியேட்டருக்குச் சொல்றேன்" என்றான்.

"மாத்திரை வேகம் இன்னும் முழுசா இறங்கல. நீ திறந்தா வெட்டுற எடமெல்லாம் கசியும். தொடை வழியா உள்ள போய் நான் அடைக்கிறேன்."

அந்த வேலை அவளுக்குத் தெரியும். இருமலில் ரத்தம் கக்குகிறவர்களுக்கு அவள் அவ்வப்போது செய்வதுதான். தொடை மடிப்பில் ஒரு துளை. அதன் வழியாக மெல்லிய குழல். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அறுந்த ரத்தக்குழாய்வரை போய், கம்பிச் சுருள் வைத்து அடைப்பது. இப்படி விலாவில் அறுந்ததை அவள் இதுவரை அடைத்ததில்லை. அதை அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"பி.பி. அறுபதுக்குக் கீழ போச்சுன்னா உன்னைக் கேக்க மாட்டேன், திறந்துடுவேன்" என்றான் தம்பி.

"கேக்காத" என்றாள் அவள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதை வேன்காரம்மாவிடமும் அவள் புருஷனிடமும் சொல்லியே ஆகவேண்டும். கடிகாரக்காரரை உள்ளே கூப்பிட்டாள்.

"அம்மா, கேக்குதா? ரத்தக்குழாய் ஒண்ணு அறுந்திருக்கு. உள்ள போய் அடைக்கப் போறேன். ஆனா சில பேருக்கு அதே குழாய்லருந்து தண்டுவடத்துக்கு ஒரு சின்னக் கிளை போகும். தவறிப்போய் அது அடைபட்டா, இடுப்புக்குக் கீழ கால் வராமப் போகலாம். போகும்னு சொல்லல. போகலாம்."

கடிகாரக்காரர் மனைவியின் கால்களைப் பார்த்தார். துணிக்கு வெளியே தெரிந்த பாதங்களைத் தன் கையால் மூடிக்கொண்டார். "வேற வழி எதுவும்..." என்று ஆரம்பித்தார்.

"செய்யலேன்னா?" என்றாள் வேன்காரம்மா.

ஸ்கேன் டாக்டர் இறங்கிக்கொண்டிருந்த பி.பி. எண்ணைப் பார்த்தாள்.

"காலு இல்லாம வண்டி ஓடாது. நான் இல்லாம இவரு ஓட மாட்டாரு. செய்ங்க" என்றாள் வேன்காரம்மா. புருஷனைப் பார்த்து, "வண்டிய வாசல்லயே விட்டுட்டேன். சாயங்காலம் பிள்ளைங்கள கூட்டிட்டு வர ஆள் சொல்லுங்க. அழுதுட்டு நிக்காதீங்க" என்றாள்.

மாடியில் இதய டாக்டர் தன் நோயாளியை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, எக்ஸ்ரே திரை உள்ள தன் அறையைக் கொடுத்தார். எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஸ்கேன் டாக்டர் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். கையுறை போட்டாள். தம்பி தலைமாட்டில் நின்றான். ரத்தப் பைகளைக் கையாலேயே பிழிந்து ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நெஞ்சைத் திறக்கும் கருவிகள் ஒரு மேஜையில் மூடி வைக்கப்பட்டிருந்தன.

மயக்கம் கொடுக்கவில்லை, பி.பி. தாங்காது. மரத்துப்போக மட்டும் ஊசி. குழல் தொடையிலிருந்து மேலே ஏறியது. முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு வாசல் உண்டு. அவள் இரண்டு வாசல்களைத் தட்டிப் பார்த்து, மூன்றாவதில் நுழைந்தாள். மருந்தைச் செலுத்தினாள். திரையில் ஒன்பதாம் விலாவின் அடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடி, முறிவுக்குப் பக்கத்தில் போனதும் மைக்கூடு கவிழ்ந்ததுபோலப் பரவியது.

"அதுதான்" என்றான் தம்பி.

"பொறு" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. அந்தக் குழாய் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து நூல்போல ஒன்று மேலே ஏறி, சட்டென்று திரும்பிக் கீழே இறங்கியது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போன்ற திருப்பம். உடம்பில் வேறு எந்தக் குழாயும் அப்படித் திரும்புவதில்லை. தண்டுவடத்துக்குப் போகும் கிளை அது. எதற்குப் பயந்தாளோ அது அங்கேயே இருந்தது. அந்த வளைவுக்கும் அறுந்த இடத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இருக்கும்.

தம்பியும் அதைப் பார்த்துவிட்டான். "திறந்துடட்டுமா?" என்று கேட்டான். காலையில் போனில் பேசிய குரல் இல்லை இது.

"பி.பி.?"

"எழுபது. நிக்குது."

"அப்ப இன்னும் கொஞ்சம் உள்ள போறேன்."

பெரிய குழலுக்குள்ளே இன்னொரு குழலை விட்டாள், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்தது. அது கொண்டை ஊசியின் வாயைத் தாண்ட வேண்டும். முதல் தடவை அந்த வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்தது. பின்னால் இழுத்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே. நெற்றி வியர்வை இமையில் இறங்கியது; நர்ஸ் துடைத்துவிட்டாள். அடுத்த தடவை கம்பியின் நுனியை லேசாகத் திருகிவிட்டு அனுப்பினாள். வழுக்கிக்கொண்டு தாண்டிப் போயிற்று. அறுந்த இடத்தையும் தாண்டி, அதற்கு அந்தப் பக்கம் போய் நின்றது. குழாயின் முன்பக்கத்திலிருந்தும் ரத்தம் திரும்பி வரும் என்பதால் இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். அந்தப் பக்கம் சுருள் வைத்தாள். நின்றது. மெல்லப் பின்வாங்கி இந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

இந்தப் பக்கத்துச் சுருளைத் தள்ளும்போது பாதியில் அது பின்னோக்கி வழுக்கியது. கொண்டை ஊசியின் வாயை நோக்கி.

"அக்கா" என்றான் தம்பி.

அவள் தள்ளுவதை நிறுத்தி, குழலோடு சேர்த்துச் சுருளை மயிரளவு மயிரளவாக முன்னால் கொண்டுபோனாள். அது மடங்கி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஒரு சின்னக் கூடுபோல அமர்ந்தது. விட்டாள். மருந்து செலுத்தினாள்.

திரையில் ரத்தக்குழாய் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவு முழுசாகத் தெரிந்தது. சுருளுக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. மை பரவவில்லை.

"எண்பது" என்றான் தம்பி. ரத்தப் பையைப் பிழிந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "தொண்ணூறு."

யாரும் சந்தோஷப்படவில்லை. ஸ்கேன் டாக்டர் குழலை வெளியே எடுக்காமலே தலைமாட்டைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, கால் விரலை ஆட்டுங்க."

ஒன்றும் அசையவில்லை.

"அம்மா! கேக்குதா? கால்."

பச்சைத் துணிக்குக் கீழே இரண்டு பாதங்களும் கிடந்தபடி கிடந்தன. தம்பி பையைப் பிழிவதை நிறுத்திவிட்டான். ஸ்கேன் டாக்டருக்குத் தன் கவசத்தின் கனம் முழுவதும் திடீரென்று தோளில் தெரிந்தது. இனிமேல் என்ன செய்தாலும், வைத்த சுருளை வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியாது. தவறு நடந்திருந்தால் நடந்ததுதான்.

வேன்காரம்மா வறண்ட உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "எந்தக் காலு?" என்றாள். "கிளட்ச்சா, பிரேக்கா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டும்!" என்று தம்பிதான் கத்தினான்.

இடது பாதம் முன்னால் அழுந்தியது. பிறகு வலது. துணி இரண்டு பக்கமும் ஏறி இறங்கியது. நர்ஸ் சிரிக்க ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கேன் டாக்டர், "துளை போட்டிருக்குற கால அசைக்காதீங்க, போதும், போதும்" என்று அதட்டினாள். குரல் அதட்டலாக வரவில்லை.

மதியம் தாண்டித்தான் அக்காவும் தம்பியும் டாக்டர்கள் அறையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவும் ஆறிப்போயிருந்தது. தம்பி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

"ஏன் போன எடுக்கலன்னு கேக்க மாட்டியா?" என்றான்.

"வேலையா இருந்திருப்ப."

"வேலையாத்தான் இருந்தேன். ஆனா உன் பேர் வந்தப்ப பார்த்தேன். அப்பா விஷயமா திட்டப் போறன்னு கட் பண்ணேன்."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எதையாவது எடுத்து எறியலாம்போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அவள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவனே வந்து நிற்பான், அதே முகம்.

"டியூட்டி நேரத்துல அப்பா விஷயமா பேச மாட்டேன். போதுமா?" என்றாள். "ஆனா நான் கூப்பிட்டா எடுக்கணும்."

"எடுக்கிறேன்."

"சாப்பிடு."

அவன் ஒரு வாய் எடுத்துவிட்டு, "அப்பா நடக்க மாட்டேங்குறாருக்கா. நான் சொல்லிப் பார்க்கலேன்னா நினைக்கிற? எங்கிட்ட முட்டி வலிங்குறாரு, உங்கிட்ட நான் விடலேங்குறாரு" என்றான்.

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "அப்படியா சொல்றாரு?"

"பின்ன?"

"ஞாயித்துக்கிழமை நான் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்" என்றாள்.

வேன்காரம்மாவுக்கு மறுநாள் காய்ச்சல் வந்து எல்லோரையும் ஆட்டிவைத்தது, அதுவும் அடங்கியது. வால்வுக்கான மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று இதய டாக்டரும் தம்பியும் தினம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மெல்ல மெல்லத் தொடங்கினார்கள். ரத்தம் கசியவில்லை. அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வந்தாள். இந்த முறை இரண்டு கைகளும் தலைக்குமேல் போயின, மூச்சையும் பிடித்தாள். வெள்ளைத் திட்டு வற்றி, ஓர் ஓரமாகச் சுருங்கிக் கிடந்தது. கறுப்புக் கோடு பாதி தூரம் விலாவை நோக்கித் திரும்பியிருந்தது. முறிந்த விலாக்கள் ஒட்ட ஆரம்பித்திருந்தன.

"எப்ப வண்டி எடுக்கலாம்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இன்னும் ரெண்டு மாசம் ஸ்டீரிங்கத் தொடக் கூடாது."

"ரெண்டு மாசமா? டிரைவர் ஒருத்தனப் போட்டிருக்கேன், பிரேக்க உதைக்கிறான். பிள்ளைங்கள பார்த்துக்க இவரு பக்கத்துல உக்காந்து போறாரு. அதுவாவது ஆறுதல்னு நினைச்சேன். வண்டி திரும்புற எடத்துல எல்லாம் இவருதான் கண்ண மூடிக்கிறாராம். பிள்ளைங்க தைரியம் சொல்லுதாம்."

கடிகாரக்காரர் மறுக்கவில்லை. "வேகமாத்தான திரும்புறான்" என்றார்.

ஸ்கேன் டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டு மாசம்" என்று மறுபடி சொன்னாள். வேன்காரம்மா மேடையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "ஒண்ணரை மாசம்" என்று பேரம் பேசிக்கொண்டே வெளியே போனாள்.